படிப்பது வேறு, தேறுவது வேறு!

(இளைஞர்களும் வியாபாரப் பெருமக்களும் கலந்து கொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

சென்ற கூட்டம் முடிந்து செருப்பை மாட்டிக் கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கொண்டார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். "தம்பி, என் மகன் இரவெல்லாம் விளக்கை எரித்துப் படிக்கிறான். புத்தகத்தில் கோடு போடாத வரியே இல்லை. இரண்டு முறை எழுதிவிட்டான். இரண்டு முறையும் போய்விட்டது. இன்னும் பணத்தைக் கொட்டுவதா, கடைக்குக் கூப்பிட்டுக் கொள்வதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அன்று என்னிடம் இல்லை. "அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்" என்று தப்பித்துக் கொண்டேன். அவர் இன்றும் வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில் அமர்ந்து என்னையே பார்த்துக் கொண்டிருக்கிறார். இந்தப் பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான்.

அந்தப் பதிலைத் தேடிக் கொண்டு நான் பிலிப்பைன்ஸ் நாட்டு உளவியல் பட்டதாரிகளிடம் போகிறேன். 'இவ்வளவு தூரம் எதற்கு?' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நினைவு என்பது என்ன, மறதி எப்படி வருகிறது, பயம் மூளையை என்ன செய்கிறது என்பதையே நான்கு ஆண்டுகள் பாடமாகப் படித்தவர்கள் அவர்கள். அவர்களிலும் ஏராளமானோர் உரிமத் தேர்வில் தோற்கிறார்கள்! நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவரே குளத்தில் தத்தளித்தால், கோளாறு தண்ணீரில் இல்லை அல்லவா? கோளாறு எங்கே என்று அங்கே பார்த்துத் தெரிந்து கொண்டால் நம் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

பட்டம் இருக்கிறது; உரிமம் எங்கே?

ஒரு காலத்தில் அந்த நாட்டில் உளவியல் படித்தவர் எவரும் பெயர்ப்பலகை மாட்டிக் கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. 2010 மார்ச்சில் பத்தாயிரத்து இருபத்தொன்பதாம் எண் குடியரசுச் சட்டம் வந்தது. 'பிலிப்பைன்ஸ் உளவியல் சட்டம்' என்று அதற்குப் பெயர். அதன்படி முதல் உரிமத் தேர்வு 2014-ல் நடந்தது.

அந்தச் சட்டம் இரண்டு படிகளை வைத்தது. இளநிலைப் பட்டம் பெற்றவர் தேர்வெழுதி 'சைக்கோமெட்ரிஷியன்' ஆகலாம். அதாவது உளவியல் சோதனைகளை நடத்தி, மதிப்பெண் போட்டு, அறிக்கை தயாரிப்பவர். அவர் உரிமம் பெற்ற உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். முதுநிலைப் பட்டமும் மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும் உள்ளவர் வேறொரு தேர்வு எழுதி 'சைக்காலஜிஸ்ட்' ஆகலாம். நான் இன்று பேசப் போவது முதல் படியைப் பற்றி. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மோதுவது அந்தக் கதவில்தான்.

தேறியவர் தன் பெயருக்குப் பின்னால் 'ஆர்.பி.எம்.' என்ற மூன்று எழுத்துக்களைப் போட்டுக் கொள்கிறார். முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிட்டால் கல்லூரி வாசலில் அவருடைய படத்தோடு பெரிய பேனர் கட்டுகிறார்கள். தோற்றவருக்குப் பேனர் இல்லை. சொந்தக்காரர்களின் விசாரிப்புதான் உண்டு.

சராசரி 81, ஆனாலும் தோல்வி!

தேர்வு தொடங்கிய காலத்தில் வகுத்த முறையில் நான்கு பாடங்கள் இருந்தன. ஆளுமைக் கோட்பாடுகளுக்கு 20 சதவீதம், மனநோய்களைப் பற்றிய பாடத்திற்கு 20 சதவீதம், தொழிலக உளவியலுக்கு 20 சதவீதம், உளவியல் மதிப்பீட்டுக்கு மட்டும் 40 சதவீதம். தேற வேண்டுமானால் மொத்தச் சராசரி 75 வர வேண்டும். அதோடு எந்தப் பாடத்திலும் 60-க்குக் கீழே போகக் கூடாது.

வியாபாரிகளே, இந்தக் கணக்கு உங்களுக்கு எங்களைவிட நன்றாகப் புரியும். ஒரு மாணவன் மதிப்பீட்டில் 90 வாங்குகிறான். ஆளுமையில் 85, மனநோய்ப் பாடத்தில் 85. தொழிலக உளவியலை 'எளிதுதானே, கடைசி வாரம் பார்த்துக் கொள்ளலாம்' என்று விட்டுவிட்டான், அதில் 58. சராசரி போட்டுப் பாருங்கள், 81.6 வருகிறது. ஆனாலும் அவன் தேறவில்லை! மூன்று கடைகளில் லாபம் கொழித்தும், கவனிக்காமல் விட்ட நாலாவது கடை ஆளையே கவிழ்த்துவிட்டது.

இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவன் மூன்று சிறிய பாடங்களிலும் 84 வாங்கி, மதிப்பீட்டில் 60-ஓடு நின்றுவிட்டான். சராசரி 74.4. தோல்வி. மற்றவன் அந்த மூன்று பாடங்களிலும் 72 தான் வாங்கினான், மதிப்பீட்டில் 80. சராசரி 75.2. தேறிவிட்டான்! மூன்று பாடங்களில் பின்தங்கியவன் உள்ளே, முந்தியவன் வெளியே.

இது அதிர்ஷ்டமா? இல்லை சகோதரர்களே! எந்தச் சரக்கில் எவ்வளவு முதல் போடுவது என்று அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வேறுபாடு. ஆகவே முதல் பாடம் இது. எந்தத் தேர்வாக இருந்தாலும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அதன் விதிமுறைத் தாளைத் திறவுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண், குறைந்தபட்ச எல்லை எது, எத்தனை மணி நேரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பத்து மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் மதிப்பீட்டுக்கு; மற்றவற்றுக்கு இரண்டிரண்டு. இதில் எந்தப் பாடம் 60-க்குக் கீழே தள்ளாடுகிறதோ, முதல் மாதம் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

தராசு சொல்லும் பாடம்

அந்த 40 சதவீதப் பாடத்தில் பிள்ளைகள் ஏன் சறுக்குகிறார்கள்? மனப்பாடம் செய்துவிட்டுப் புரிந்துவிட்டதாக நினைப்பதால்தான்.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு சொற்கள் அந்தப் பாடத்தின் அடித்தளம். புத்தக விளக்கத்தைக் கண்ணை மூடிக் கொண்டு ஒப்பிப்பார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் திகைத்து நிற்பார்கள். உங்கள் கடைத் தராசை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரே மூட்டையைப் பத்து முறை வைத்தாலும் பத்து முறையும் ஒரே எடையைக் காட்டுகிறது. அது நம்பகமான தராசு. ஆனால் பத்து முறையும் ஒரு கிலோ குறைத்தே காட்டுகிறதென்றால்? மாறாமல் காட்டுகிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறது. நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. ஓர் அறிவுத்திறன் சோதனையும் இப்படித்தான். எத்தனை முறை வைத்தாலும் ஒரே விடை வரலாம். அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது வேறு கேள்வி. வேறொரு நாட்டுப் பிள்ளைகளை வைத்து அளவு நிர்ணயித்த சோதனையை மின்டனாவோ தீவின் மலைக்கிராமத்துச் சிறுவன் மீது அப்படியே வைத்து 'இவன் மந்தம்' என்று எழுதினால், அது கள்ளத் தராசு இல்லையா?

ஒரு கருத்தைத் தன் வீட்டு உதாரணத்தோடு சொல்ல முடிந்தவன்தான் அதைப் படித்தவன். மற்றவன் வெறுமனே வாசித்தவன்.

கோடு போட்டால் மனதில் நிற்குமா?

இப்போது நம் பெரியவரின் மகனுக்கு வருகிறேன். 'கோடு போடாத வரியே இல்லை' என்றாரே, அங்கேதான் நோய் இருக்கிறது!

2013-ல் டன்லாஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் வந்த ஆய்வுகளை அலசினார்கள். கோடு போடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது இரண்டுக்கும் கிடைத்த மதிப்பு 'குறைந்த பயன்'. மிகுந்த பயன் என்று அவர்கள் சொன்னவை இரண்டே இரண்டு. ஒன்று, தன்னைத்தானே சோதித்துக் கொள்வது. மற்றொன்று, இடைவெளி விட்டுப் படிப்பது.

இதற்கு முன்பே 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு தவணை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். அவர்கள் 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். வாசித்தவர்கள் 40 சதவீதத்துக்கு விழுந்துவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தில் நின்றார்கள்!

இதில் வேதனை என்னவென்றால், 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் அந்த நான்கு தவணை வாசித்த குழுவினர்தான். பழகிய முகத்தைத் தெருவில் பார்த்தால் 'தெரிந்தவர்' என்கிறோம். பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். வாசிப்பு தருவது முகப்பழக்கம். தேர்வு கேட்பது பெயர்!

ஆக, ஒரு பக்கம் படித்தால் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வலிக்கும். அந்த வலிதான் பாடம் உள்ளே இறங்குவதன் அடையாளம்.

மறதி மனிதனின் இயல்பு. 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்து காட்டிவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்து மணி நேரம் முட்டிக் கொள்வதைவிட, அதையே ஐந்து நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் நெடுநாள் நிற்கும். இன்று படித்ததை நாளை கேளுங்கள். பிறகு நான்காம் நாள். பிறகு பத்தாம் நாள். கடன்காரரிடம் தவணை தவணையாகப் போய் நிற்பது போலத்தான். ஒரே நாள் போய்ச் சண்டை போட்டால் காசு வராது.

பேரேட்டில் எழுதுங்கள்

மாதிரித் தேர்வு எழுதாதவர் இல்லை. எழுதிய பிறகு என்ன செய்கிறோம்? எத்தனை மதிப்பெண் என்று பார்த்து மகிழ்கிறோம், அல்லது அழுகிறோம். தாளைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். எந்த வியாபாரியாவது நிலுவைக் கணக்கைக் கிழித்துப் போடுவானா?

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பேரேடு வையுங்கள். ஏன் தவறியது? தெரியாததாலா, தெரிந்தும் குழம்பியதாலா, கேள்வியைச் சரியாக வாசிக்காததாலா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தெரியாததைப் படிக்க வேண்டும். குழம்பியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரத்தை அடக்க வேண்டும்.

மனநோய்ப் பாடத்தில் ஓர் உதாரணம். இல்லாத குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கைகளில் உறைவது போன்ற அறிகுறிகள் ஒரு மாதத்துக்குள் நீங்கிவிட்டால் அதற்கு ஒரு பெயர்; ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் இருந்தால் வேறு பெயர்; ஆறு மாதத்தைத் தாண்டினால்தான் 'ஸ்கிசோஃப்ரினியா'. தனித்தனி நாளில் தனித்தனியாகப் படித்தவன் தேர்வறையில் மூன்றையும் குழப்பிக் கொள்கிறான். ஒரே தாளில் மூன்று கட்டம் போட்டுப் படித்தவன் குழம்புவதில்லை.

இன்னொரு ஆபத்து பழைய சரக்கு. அண்ணன் எழுதிய நோட்டு, அக்கா வைத்திருந்த புத்தகம் என்று வாங்கிப் படிப்பார்கள். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-ல் வந்தது. ஸ்கிசோஃப்ரினியாவின் பழைய உட்பிரிவுகளை அது நீக்கியது. 'அஸ்பெர்கர்' என்று தனியாக இருந்ததை ஆட்டிசத்தோடு சேர்த்தது. 2022-ல் மீண்டும் திருத்தப்பட்டு, நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாக உள்ளே சேர்த்தார்கள். பழைய நோட்டை நம்பியவன் உழைத்து உழைத்துத் தப்பான விடையை மனப்பாடம் செய்கிறான்! படிக்குமுன் புத்தகத்தின் ஆண்டைப் பாருங்கள். மருந்து வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லையா?

தேர்வறையில்

கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. பென்சிலால் வட்டத்தை நிரப்ப வேண்டும். தேர்வுக்கு முன் அந்தப் பென்சில்களைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்ப் பிரார்த்தித்து வாங்கி வருவது அங்கே பலரின் வழக்கம். பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் சகோதரர்களே!

அந்தப் பயத்தைக் குறைக்கும் வழி பழக்கம். தேர்வு காலை எட்டு மணிக்கு என்றால், கடைசி ஒரு மாதம் அதே நேரத்தில், அதே அளவு நேரத்துக்கு, கடிகாரத்தை முன்னால் வைத்து மாதிரித் தேர்வு எழுதுங்கள். அன்றைய அறை உங்களுக்குப் புதிதாகத் தோன்றாது. முந்தின இரவு விழித்திருக்காதீர்கள். பகலில் படித்ததைத் தூக்கத்தில்தான் மூளை அடுக்கி வைக்கிறது. தூக்கத்தை விற்று ஒரு பாடம் வாங்குபவன் இரண்டு பாடத்தை இழக்கிறான்.

'முதலில் தோன்றிய விடையை மாற்றாதே' என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. தப்பிலிருந்து சரிக்கு மாற்றியவர்களே அதிகம். சரியை அழித்துத் தப்பாக்கிய ஒன்றிரண்டு தருணங்கள் நெஞ்சில் குத்திக் கொண்டு நிற்பதால் அதுவே அடிக்கடி நடப்பது போல் தோன்றுகிறது. காரணமில்லாமல் மாற்றாதீர்கள். காரணம் கிடைத்தால் தயங்காதீர்கள்.

வாப்பாமார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை

தேர்வைச் சுற்றி அங்கே பெரிய வியாபாரமே நடக்கிறது. பயிற்சி மையங்கள் ஊருக்கு ஊர் முளைத்துள்ளன. முதலிடம் பெற்றவரின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. ஒழுங்கைத் தருகிற, மாதிரித் தேர்வு வைத்துத் திருத்தித் தருகிற மையம் உதவும். ஆனால் மேடையில் ஒருவர் பேச, கூடம் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவது மட்டும்தான் நடக்கிறது என்றால், அது விலை கொடுத்து வாங்கிய 'திரும்ப வாசிப்பு'தான். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வாரம் எத்தனை தேர்வு வைப்பீர்கள்? தவறியதை யார் விளக்குவார்கள்? இங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேறினார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் முதலிடக்காரரின் படத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உரிமத் தேர்வுகளைப் பற்றிய ஆய்வுகள் பொதுவாக ஒன்றைச் சொல்கின்றன. கல்லூரியில் ஒழுங்காகப் படித்தவரே அங்கும் தேறுகிறார். கடைசி ஆறு மாதப் பயிற்சி நான்கு ஆண்டு அலட்சியத்தை முழுவதும் கழுவிவிடாது. படிப்பு முடித்துக் காலம் கடத்தாமல் எழுதுவதும் நல்லது. வேலைக்குப் போய்ச் சில ஆண்டு கழித்து வருபவருக்கு அடித்தளமே கரைந்திருக்கும்.

தோற்ற பிள்ளையிடம் நாம் எப்படி நடந்து கொள்கிறோம்? 'பக்கத்து வீட்டுப் பையன் தேறிவிட்டானே!' என்கிறோம். சோற்றுத் தட்டின் முன்னால் கணக்குப் பார்க்கிறோம். வெட்கத்தில் புதைந்தவன் தன் தவறைத் திறந்து பார்க்கமாட்டான். அதே முறையில், இன்னும் ஆவேசமாகப் படித்து, அதே இடத்தில் மீண்டும் விழுவான்.

எதற்காக இந்தக் கண்டிப்பு?

'ஒரு சோதனைத் தாளைத் திருத்துவதற்கு உரிமம் எதற்கு?' என்று நினைக்கலாம். 2013 நவம்பரில் ஹையான் புயல் அந்த நாட்டைச் சிதைத்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2017-ல் மின்டனாவோ தீவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மராவி நகரில் ஐந்து மாதம் சண்டை நடந்தது. லட்சக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சத்தம் கேட்டால் நடுங்கும் குழந்தை, பேச்சையே நிறுத்திவிட்ட தாய், தூங்க முடியாத இளைஞன். இவர்கள் முன்னால் சோதனைத் தாளோடு அமர்பவர் அரைகுறையாக இருக்கலாமா? அடுத்த ஆண்டு, 2018-ல், அந்த நாடு மனநலச் சட்டம் ஒன்றையும் கொண்டு வந்தது. சட்டம் வந்தால் போதுமா? அதைக் கையில் எடுக்கத் தகுதியான ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் இந்தத் தேர்வு வழியாகத்தான் வர வேண்டும். தேறுவது பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துக்காக மட்டுமல்ல. ஒரு குழந்தையின் மீது தவறான முத்திரை விழாமல் இருப்பதற்காக.

நம் நாட்டில் வழிமுறை வேறு; தேர்வுகளும் வேறு. ஆனால் கதவு எதுவானாலும் சாவி ஒன்றுதான்.

பெரியவரே, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'பணம் கொட்டுவதா, கடைக்குக் கூப்பிடுவதா?' இரண்டையும் இன்று முடிவு செய்யாதீர்கள். இன்றிரவு மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். திட்டுவதற்கல்ல. உங்கள் கடைப் பேரேட்டை அவன் முன்னால் விரியுங்கள். நட்டம் வந்த ஆண்டில் நீங்கள் கடையை மூடினீர்களா? எந்தச் சரக்கில் நட்டம் என்று பார்த்து, வாங்கும் முறையை மாற்றினீர்கள். அதை அவனுக்குச் சொல்லுங்கள். பிறகு அந்த இரண்டு முறை வாங்கிய மதிப்பெண் பட்டியலையும் எடுத்து, எந்தப் பாடத்தில் எத்தனை என்று இருவரும் சேர்ந்து கணக்குப் போடுங்கள். அவன் கையிலிருக்கும் கோடு போடும் பேனாவை வாங்கி வைத்துக் கொண்டு, ஒரு கட்டு வெற்றுத் தாளைக் கொடுங்கள்.

முறையை மாற்றச் சம்மதித்தால் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். முறையை மாற்றமாட்டேன், முறை மாறாமலேயே மூன்றாவது தடவை எழுதுவேன் என்றால், அப்போது கடைக்குக் கூப்பிடுங்கள். கடையும் கண்ணியமான இடம்தான்!

கூட்டம் முடிந்ததும் செருப்பு மாட்டும் இடத்தில் நிற்பேன். அந்தப் பட்டியலோடு வாருங்கள். தம்பியையும் அழைத்து வாருங்கள்.